கோட் 10 முதல் பி.ஆர்.டி.பி. வரை: தென்னாப்பிரிக்காவில் பேருந்து ஓட்டுநர் டெஸ்டுக்குத் தயாராவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் ஓட்டுநர் தேர்வு முறையான கே53 டெஸ்டில் புது ஆளைவிட, ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் அதிகம் திணறுவார். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வருடக்கணக்காகக் கோம்பி (ஆள் ஏற்றும் சிறு வேன்) ஓட்டியவர்களைப் பாருங்கள். கண்ணாடியை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தாலே பின்னால் வருகிற வண்டி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தேர்வாளர் கையில் இருப்பது மதிப்பெண் தாள். தலை திரும்பியதா, கண்ணாடி பார்த்தாரா, ஹேண்ட்பிரேக் போட்டாரா என்று தன் கண்ணில் பட்டதை மட்டும்தான் அவர் குறித்துக்கொள்வார். உங்கள் ஓரக்கண் அவருக்குத் தெரியாது. இந்த வழிகாட்டி முழுக்க இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாவது சங்கதி, காகித வேலை. பேருந்து ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது. பயணிகளை ஏற்ற பி.ஆர்.டி.பி. என்ற தனி அனுமதி வேண்டும். இதற்குத் தேவையானதை வரிசையாகச் செய்யாமல், டெஸ்ட் பாஸ் ஆன பிறகு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அதனால் காகிதத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

எந்த கோட் எடுப்பது?

நாம் இன்னும் பழைய எண்களிலேயே பேசுகிறோம். கோட் 8, கோட் 10, கோட் 14 என்போம். கார்டில் அச்சாவது எழுத்து: கோட் 8 என்பது பி, கோட் 10 என்பது சி1, கோட் 11 என்பது சி, கோட் 14 என்பது ஈ.சி. வேலை விளம்பரங்களில் இரண்டும் கலந்து வரும், குழம்ப வேண்டாம்.

பிரிப்பது எடையை வைத்துத்தான். 3,500 கிலோவுக்கு மேல் 16,000 கிலோ வரை சி1. அதைத் தாண்டினால் சி. பின்னால் கனமான டிரெய்லர் இழுக்கிற வண்டி என்றால் ஈ.சி. பக்கம் போக வேண்டும். இங்கே பார்க்க வேண்டிய எடை ஜி.வி.எம்., அதாவது ஆளும் சாமானும் ஏற்றிய பிறகு அந்த வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. எங்கே போய்த் தேடுவது என்று கேட்பார்கள்; முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கிலேயே டேரும் (வெறும் வண்டியின் எடை) ஜி.வி.எம்.மும் போட்டிருக்கும். நீங்கள் ஓட்டப்போகும் பேருந்தின் டிஸ்கைப் பார்த்துவிட்டு கோட்டை முடிவு செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற நடுத்தர வண்டி பெரும்பாலும் சி1-க்குள் அடங்கிவிடும். நீளமான நகரப் பேருந்தும் தொலைதூர சொகுசுப் பேருந்தும் 16,000-ஐத் தாண்டக்கூடும், அப்போது சி1 செல்லாது. கோட் 14 கார்டு கையில் இருந்தால் அதற்குக் கீழே உள்ள நாலு சக்கர வண்டிகள் எல்லாம் அதில் அடக்கம். அதனால்தான் பலர் நடுவில் நிற்காமல் நேரே அதற்கே போய்விடுகிறார்கள். பணமும் பொறுமையும் இருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் டிரெய்லரோடு பின்னால் எடுப்பது வேறு வித்தை. பள்ளிப் பேருந்து ஓட்ட நினைக்கிறவருக்கு அது தேவையில்லாத தலைவலி.

இன்னொன்று கவனியுங்கள். லைசென்ஸ் கோட் லாரி, பேருந்து என்று பிரிப்பதில்லை. நீங்கள் எட்டு டன் லாரியில் டெஸ்ட் கொடுத்து சி1 வாங்கினாலும் அதே எடை வரம்புக்குள் இருக்கும் பேருந்தை அந்தக் கார்டு ஏற்கும். பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலும் லாரிதான் இருக்கும் என்பதால் இது பெரிய வசதி. அதிலும் ஒரு கண்ணி உண்டு: ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் கார்டில் அந்தக் கட்டுப்பாடு ஏறிவிடும், அப்புறம் கையால் கியர் போடும் வண்டியை நீங்கள் தொட முடியாது. வேலை தேடும்போது இது காலை வாரும். முடிந்தவரை கிளட்ச் உள்ள வண்டியிலேயே டெஸ்ட் கொடுங்கள்.

வயது, கண், உடம்பு

கனரக வண்டிக்கான லேர்னர்ஸ் (பழகுநர் லைசென்ஸ்) எடுக்க 18 வயது போதும். ஆனால் பயணிகளை ஏற்றும் அனுமதிக்கு 21 ஆக வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் கோட் 10-ம் சரக்குக்கான அனுமதியும் வாங்கிக்கொண்டு சரக்கு லாரி ஓட்டலாம், ஆள் ஏற்ற முடியாது. வீட்டில் பேருந்து வைத்திருக்கிற மாமாவோ சித்தப்பாவோ "இன்னிக்கு ஒரு டிரிப் அடிச்சுட்டு வாடா" என்று சாவியைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அந்த அனுமதியைத்தான்.

கண் பரிசோதனை கனரக வண்டிக்குக் கொஞ்சம் கடுமை. காருக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/12 போதும், இதற்கு 6/9 வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாஸ் ஆகலாம். அது கார்டில் பதிவாகும், அப்புறம் கண்ணாடி இல்லாமல் ஓட்டினால் குற்றம். டெஸ்டிங் சென்டரிலேயே கண்ணைப் பார்ப்பார்கள் என்றாலும், அதற்கு முன்பே ஒரு கண் பரிசோதகரிடம் காட்டிவிடுவது நல்லது. நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குத் தங்கள் பார்வை குறைந்திருப்பது வரிசையில் நின்று எழுத்தைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

சர்க்கரை இல்லாத குடும்பம் நம் ஆட்களில் அரிது. சர்க்கரை இருந்தாலே லைசென்ஸ் கிடையாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. சட்டம் தடுப்பது கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவைத்தான். கட்டுப்படாத வலிப்பு, ரத்த அழுத்தத்தாலோ வேறு காரணத்தாலோ திடீரென்று தலை சுற்றி மயங்குவது இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

லேர்னர்ஸ்: கோட் 3

லேர்னர்ஸ் எண்கள் வேறு வரிசை. 1 என்றால் மோட்டார் சைக்கிள், 2 என்றால் கார், 3 என்றால் கனரகம். உங்களுக்கு வேண்டியது 3. ஏற்கெனவே கார் லைசென்ஸ் இருந்தாலும் கனரகத்துக்கு இந்த எழுத்துத் தேர்வைக் கொடுக்கத்தான் வேண்டும். பாஸ் ஆனால் 24 மாதம் செல்லும்.

கேள்விகள் மூன்று பகுதி: சாலை விதிகள், குறியீடுகள், வண்டியின் கட்டுப்பாடுகள். மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்; ஒன்றில் முழு மார்க் வாங்கி இன்னொன்றின் ஓட்டையை அடைக்க முடியாது. தமிழில் எழுத வழியில்லை. வீட்டில் தமிழிலேயே பேசிப் பழகியவர்களும் இந்தியாவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர்களும் ஆங்கிலக் கேள்வியை நிறுத்தி நிதானமாகப் படிக்கப் பழக வேண்டும். 'எப்போதும்', 'மட்டும்' என்ற பொருளில் வரும் ஒரு சொல்லிலேயே விடை மாறிவிடும்.

எண்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஊருக்குள் 60, ஊருக்கு வெளியே 100, ஃப்ரீவேயில் 120 என்பது எல்லாருக்கும் தெரியும். பேருந்துக்கு ஃப்ரீவேயிலும் 100-தான் உச்சம். ஜி.வி.எம். 9,000 கிலோவுக்கு மேல் உள்ள சரக்கு வண்டிக்கு 80. வண்டி நின்றுபோனால் எச்சரிக்கை முக்கோணத்தை 45 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வைக்க வேண்டும். 150 மீட்டர் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாவிட்டால் பகலிலும் விளக்கு போட வேண்டும். பாதசாரி கடக்கும் இடத்துக்கு முன்னால் 9 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது. சாதாரண ஓட்டுநருக்கு ரத்தத்தில் மது அளவு 100 மில்லிக்கு 0.05 கிராமைத் தொடக் கூடாது. தொழில்முறை ஓட்டுநருக்கு அது 0.02. முந்தின நாள் ராத்திரி கல்யாண வீட்டில் குடித்துவிட்டு விடிகாலை ஐந்து மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் இந்த எண்ணைக் கவனமாகப் படிக்கட்டும்.

பயிற்சி வண்டி

பயிற்றுநர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்; கேட்பதில் தப்பில்லை. அதைவிட முக்கியம், எந்த வண்டியில் பழகுகிறீர்களோ அதே வண்டியை டெஸ்டுக்குத் தருவார்களா என்பது. பழகியது ஒன்று, டெஸ்ட் அன்று வந்து நிற்பது இன்னொன்று என்றால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதே தெரியாமல் மலையேற்ற நிறுத்தத்தில் மாட்டுவீர்கள்.

முதல் இரண்டு பாடத்தில் ஓட்ட விடவில்லையே என்று கோபப்படாதீர்கள். வண்டியைச் சுற்றி வரவும், காற்று பிரேக்கைப் புரிந்துகொள்ளவும் அந்த நேரம் தேவை. காரில் பிரேக் திரவத்தால் வேலை செய்யும். பெரிய வண்டியில் அழுத்தப்பட்ட காற்றால். இன்ஜினைப் போட்டு டாங்கியில் காற்று நிறையும் வரை நகரக் கூடாது. மீட்டர் முள் ஏறுவதைப் பாருங்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்வரை பஸ்ஸர் கத்தும், அல்லது சிவப்பு விளக்கு எரியும். பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைப்பது ஒரு கனமான ஸ்பிரிங். காற்று உள்ளே போய் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளினால்தான் பிரேக் விடும். அதனால் லீவரை விட்டதும் வண்டி அதே நொடியில் விடுபடாது, ஒரு கணம் தாமதிக்கும். காரிலிருந்து வருகிறவருக்கு இந்த ஒரு கணம்தான் புதிது. காலால் பிரேக்கைச் சும்மா சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் சேர்ந்த காற்று கரைந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2013 செப்டம்பரில் டர்பன் பக்கத்துப் பைன்டவுனில், ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த கனரக லாரி கோம்பிகள்மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் ஐந்து அச்சும் அதற்கு மேலும் உள்ள லாரிகளை அந்த வழியில் விடுவதில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; பாதி இறங்கிய பிறகு குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இன்ஜின் வண்டியைப் பிடித்திருக்க, கால் பிரேக்கை விட்டு விட்டு உறுதியாகப் போட வேண்டும். விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது. கால் பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிடார்டரோ இருந்தால் அதைப் போடப் பழகுங்கள். தேர்வாளர் நீங்கள் எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்று நிச்சயம் பார்ப்பார்.

வண்டியைச் சுற்றி வருவது

டெஸ்ட் ஆரம்பிப்பது ஸ்டியரிங்கில் அல்ல, வண்டிக்கு வெளியே. பலர் இதை ஒரு சடங்காக முடித்துவிட்டு, வாங்கியிருக்க வேண்டிய மார்க்கை இங்கேயே தொலைக்கிறார்கள். பழகும்போது மாணவனும் பயிற்றுநரும் பேசுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"டயர் பாத்தியா தம்பி?"

"பாத்தேன் அண்ணே."

"எங்க பாத்த? நான் இங்கதான நிக்கிறேன். நீ நடந்து போனத்தான் பாத்தேன்."

குனிய வேண்டும். கையால் தொட்டுக் காட்ட வேண்டும். டயரில் வெட்டு, வீக்கம் இருக்கிறதா, பள்ளம் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, பின்னால் ஜோடி டயர் என்றால் நடுவில் கல் மாட்டியிருக்கிறதா, வீல் நட் எல்லாம் இறுக்கமா, நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு தெரிகிறதா. துருக் கோடு இருந்தால் நட் தளர்ந்திருக்கலாம் என்று அர்த்தம். எதையெல்லாம் பார்க்கிறீர்களோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நகர்வது நல்ல பழக்கம்.

ஒரே திசையில் சுற்றி வாருங்கள், நடுவில் திரும்பி ஓடாதீர்கள். முன்னால் விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், நம்பர் பிளேட், லைசென்ஸ் டிஸ்க் காலாவதி ஆகவில்லையா. அடியில் எண்ணெய், தண்ணீர், டீசல் ஒழுக்கு. பக்கவாட்டில் டீசல் மூடி, சாமான் அறைக் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா, பிரதிபலிப்புப் பட்டைகள். பின்னால் பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு. வண்டிக்கு அடியிலும் பின்னாலும் பிள்ளையோ நாயோ இருக்கிறதா என்பதை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள். பேருந்தில் டெஸ்ட் கொடுத்தால் இன்னும் சில சேரும்: கதவு முழுசாகத் திறந்து மூடுகிறதா, அவசர வழி பூட்டிக் கிடக்கவில்லையே, தீயணைப்புக் குப்பி இடத்தில் இருக்கிறதா, இருக்கைகள் ஆடாமல் இருக்கின்றனவா, படியில் வழுக்குமா.

ஏறி உட்கார்ந்ததும் அவசரப்படாதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலா, சீட் சரியா, கண்ணாடிகள் எல்லாம் உங்கள் உயரத்துக்குச் சரியா, பெல்ட். அதற்கப்புறம்தான் சாவி. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் மீட்டர்கள், எச்சரிக்கை விளக்குகள், காற்றழுத்தம்.

யார்டு

யார்டில், அதாவது டெஸ்டிங் சென்டரின் மைதானத்தில், தேறினால்தான் ரோட்டுக்கு விடுவார்கள். நேராகப் பின்னால் எடுப்பது, ஆலி டாக்கிங், இடப்பக்கத் திருப்பம், மேட்டில் நிறுத்திப் புறப்படுவது இவைதான் நெஞ்சடிக்க வைப்பவை. கம்பத்தைத் தொட்டால் அதோடு முடிந்தது. வண்டி போக வேண்டிய திசைக்கு எதிராக உருண்டாலும் அப்படியே. மற்ற தப்புக்கெல்லாம் பெனால்டி பாயிண்ட் சேரும். இவை இரண்டும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

ஆலி டாக்கிங் என்பது செங்கோணத்தில் இருக்கும் கட்டத்துக்குள் பின்னால் நுழைப்பது. கனமான வண்டியில் பின் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது. பக்கக் கண்ணாடிகள்தான் எல்லாம். வேகத்தைக் கிளட்சால் கட்டுங்கள், ஆள் நடக்கிற வேகத்துக்கும் கீழே. முதலில் நுழையப்போகும் பக்கத்துப் பின் சக்கரம் கம்பத்துக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணாடியில் பிடியுங்கள்; வண்டியின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் வண்டி சுழல்வது பின் சக்கரத்தை வைத்துத்தான். பின் சக்கரம் கட்டத்தின் வாசலுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டி நேராக ஆரம்பிக்கும்போதே திருப்பி எடுங்கள். முழுசாக நேரான பிறகு எடுத்தால் தாமதம். அந்த நேரத்தில் முன்பக்கம் எதிர்த்திசையில் அகலமாக வீசும் என்பதால் மற்ற பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரே கண்ணாடியில் கண்ணை ஒட்ட வைத்தவர்கள்தான் அடுத்த பக்கத்துக் கம்பத்தை இடிக்கிறார்கள். பழகும்போது சந்தேகம் வந்தால் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கிப் பாருங்கள். கண்ணாடியில் தெரிகிற இடைவெளியும் உண்மையான இடைவெளியும் உங்கள் மனசில் ஒன்றாகப் பதிய இதுதான் வழி.

பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் சுற்றும் முற்றும் பார்க்க வேண்டும்: இரண்டு கண்ணாடி, கண்ணாடியில் விழாத இரண்டு பக்கமும். நடுவில் நிறுத்தி மறுபடி நகர்ந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். 'இப்பத்தான பாத்தேன்' என்று தேர்வாளரிடம் சொல்ல முடியாது.

மேட்டில் புறப்படும்போது ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடியே கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், இன்ஜின் சத்தம் அடங்கும். அங்கே காலை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, அப்புறம் பிரேக்கை விடுங்கள். காற்று பிரேக்கின் அந்த ஒரு கணத் தாமதத்தை நினைவில் வைத்திருந்தால் கிளட்சைப் படக்கென்று விடத் தோன்றாது. கண்ணாடியும் இண்டிகேட்டரும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இடப்பக்கத் திருப்பத்தில் பின் சக்கரம் உள்ளே வெட்டும். நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறவர்கள் என்பதால் இடப்பக்கத் திருப்பம்தான் நெருக்கமானது, நடைபாதை விளிம்பில் ஏறும் இடமும் அதுதான். சில பேருந்துகளில் ஓட்டுநர் முன் சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட வண்டியில் மூலை உங்கள் தோளைத் தாண்டிய பிறகும் கொஞ்சம் நேரே போய்த்தான் திருப்ப வேண்டும். கார் மாதிரி முன்கூட்டியே திருப்பினால் பின் சக்கரம் விளிம்பில் ஏறிவிடும். திரும்பும்போது பின்பக்க வால் எதிர்ப்பக்கம் வீசும், அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

ரோடு

ரோட்டில் கே53 எதிர்பார்ப்பது ஐந்து வேலை: தேடு, கண்டுபிடி, என்ன நடக்கும் என்று ஊகி, முடிவெடு, செய். ஒவ்வொரு சந்திக்கும், ஒவ்வொரு லேன் மாற்றத்துக்கும் இதே வரிசை. கண்ணாடி முதலில், இண்டிகேட்டர் அடுத்து, கண்ணாடியில் விழாத பக்கம் கடைசியாக, அப்புறம்தான் ஸ்டியரிங். தலையை நன்றாகத் திருப்பிக் காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

ஸ்டாப் பலகையில் கோட்டுக்குப் பின்னால் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். ஊர்ந்து போவது சட்ட மீறல், டெஸ்ட் அங்கேயே முடியும். நின்றதும் ஹேண்ட்பிரேக். ரோபோட்டிலும் (சிக்னல் விளக்கு) அதேதான். நாலு பக்கமும் ஸ்டாப் உள்ள சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். உங்கள் முறை எது என்று வந்து சேரும்போதே எண்ணிவிடுங்கள். உங்கள் முறை வந்த பிறகும் தயங்கிக்கொண்டே நின்றால் அதற்கும் பாயிண்ட் போகும். பெரிய சர்க்கிளில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடுங்கள்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று வினாடிக்குக் குறையாத இடைவெளி வையுங்கள், மழையென்றால் இன்னும் கூட்டுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு கோம்பி நுழையும். நுழையட்டும். ஹூட்டர் அடிக்காமல், காலை லேசாக எடுத்து, மறுபடி இடைவெளியை உண்டாக்குங்கள். கோம்பி இடப்பக்கம் எந்த நொடியும் ஆளுக்காக நிற்கும் என்பது டர்பன் சாலையில் எழுதாத விதி. அதை முன்கூட்டியே எதிர்பார்த்து வேகத்தைக் குறைத்தால், ஐந்து வேலையில் 'ஊகி' என்பதை நீங்கள் செய்ததைத் தேர்வாளர் கண்ணாலேயே பார்க்கிறார்.

பிரேக், கியர், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் மெதுவாக. பின்னால் ஒரு ஆயா கையில் பூஜைத் தட்டோடு நிற்கிறார் என்று நினைத்து ஓட்டுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஈஸ்டர் சமயம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போயிருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

டெஸ்ட் அன்று

அடையாள அட்டை, லேர்னர்ஸ், புக்கிங் காகிதம், கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடி. வண்டியின் டிஸ்கும் விளக்குகளும் சரியா என்று நீங்களே காலையில் பாருங்கள். வண்டியில் கோளாறு என்றால் டெஸ்டையே நிறுத்திவிடுவார்கள், நஷ்டம் உங்களுக்குத்தான். மெல்லிய அடியுள்ள செருப்போ ஷூவோ போடுங்கள், கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கால் உணர வேண்டும்.

'கூல்டிரிங்க்' வாங்கிக் கொடுத்தால் காரியம் ஆகும் என்று யாராவது காதில் ஓதலாம். கொடுக்காதீர்கள். லஞ்சம் கொடுத்து வாங்கிய லைசென்ஸ் பின்னால் ரத்தாகலாம், வழக்கும் வரலாம். அதோடு, பின்னால் எடுக்கத் தெரியாத ஒருவர் கையில் அறுபது பேர் உட்கார்ந்த வண்டியைக் கொடுக்கிற பாவத்தில் நீங்களும் பங்காளி ஆகிறீர்கள்.

தோற்றால் மதிப்பெண் தாளைக் கேட்டு, எந்த வரியில் பாயிண்ட் போனது என்று பாருங்கள். அந்த வரியை மட்டும் எடுத்துப் பழகுங்கள். மொத்தத்தையும் முதலிலிருந்து ஆரம்பிப்பது காசுக்கும் கேடு, தைரியத்துக்கும் கேடு.

பி.ஆர்.டி.பி.: பயணி ஏற்றும் அனுமதி

பாஸ் ஆன கையோடு இதற்கு விண்ணப்பியுங்கள். மூன்று வகை உண்டு: சரக்குக்கு ஜி, பயணிகளுக்கு பி, ஆபத்தான சரக்குக்கு டி. உங்களுக்கு வேண்டியது பி. டாக்டர் சான்றிதழ் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதால், அதை முன்கூட்டியே எடுத்து வைத்து வீணாக்காதீர்கள். கைரேகை எடுத்துக் காவல்துறைப் பதிவோடு ஒப்பிடுவார்கள், இதுதான் இழுக்கும். கடந்த ஐந்து வருடத்துக்குள் குடித்துவிட்டு ஓட்டியதற்கோ, கண்மூடித்தனமாக ஓட்டியதற்கோ, வன்முறைக் குற்றத்துக்கோ தண்டனை பெற்றிருந்தால் கிடைக்காது. வேலைக்குச் சேரும் தேதியை நிறுவனத்திடம் சொல்வதற்கு முன் இந்தத் தாமதத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் உங்கள் கார்டை மட்டும் நம்புவதில்லை. டோவர் என்று ஒரு பரிசோதனை வைப்பார்கள். திரையைப் பார்த்து கையும் காலும் எவ்வளவு வேகமாக, எவ்வளவு நிதானமாக வேலை செய்கின்றன என்று அளக்கும் கருவி அது. கூடவே தங்கள் டிப்போவில் ஒரு ஓட்டமும் பார்ப்பார்கள். அங்கேயும் வண்டியைச் சுற்றி வந்துதான் ஏறுங்கள். டிப்போ மேலாளர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது அதைத்தான்.

பி.ஆர்.டி.பி. 24 மாதம்தான் செல்லும், லைசென்ஸ் கார்டு ஐந்து வருடம். இரண்டும் வேறு வேறு நாளில் காலாவதியாகும் என்பதால் பலர் கார்டின் தேதியை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். பி.ஆர்.டி.பி. முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே போனில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். கைரேகைச் சோதனை மறுபடியும் இருக்கும், அது மறுபடியும் இழுக்கும்.